ஆர்.டி. 350 மோட்டார் சைக்கிள் வாங்கி வைத்தால் வைப்புத்தொகைக்கு ஈடாகுமா?

கேள்வி: கொங்குநாட்டான்

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் வங்கியில் எனக்கு ஒரு வைப்புத்தொகை முதிர்வடைகிறது. அதை மீண்டும் வங்கியிலேயே போடுவதா, வேறு வழியில் செலுத்துவதா என்று யோசித்துக்கொண்டிருக்கையில், நெடுநாள் பழக்கமுள்ள ஒருவர் தம்மிடம் உள்ள இரண்டு பழைய மோட்டார் சைக்கிள்களை எனக்குக் கொடுக்க முன்வந்திருக்கிறார். ஒன்று 1987ஆம் ஆண்டுப் பதிவு கொண்ட ராஜ்தூத் யமஹா ஆர்.டி. 350. 'ஹை டார்க்' (கூடுதல் திறன் கொண்ட) வகை என்று சொல்லி 6 லட்சம் ரூபாய் கேட்கிறார். மற்றொன்று 1986ஆம் ஆண்டு யமஹா ஆர்.எக்ஸ். 100. அதற்கு 1,40,000 ரூபாய் கேட்கிறார்.

ஆர்.டி. கர்நாடகப் பதிவு வண்டி. அதற்கு முழுவதும் புதிதாக வண்ணம் பூசி, குரோம் போட்டு, முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் பொருத்தியிருக்கிறார்கள். கண்ணுக்கு மிக அழகாக இருக்கிறது. இவ்விரு வண்டிகளும் இன்னும் பத்து ஆண்டுகளில் இரட்டிப்பு விலைக்குப் போகும் என்பதும், வங்கி வட்டியை நம்புவதைவிட இவற்றை வாங்கி நிறுத்தி வைப்பதே மேல் என்பதும் அவருடைய வாதம். இணையத்தில் கேட்கப்படும் விலைகளைப் பார்த்தால் அவர் சொல்வதில் பொருள் இருப்பதாகவே தோன்றுகிறது. கல்லூரிக் காலத்தில் ஆர்.எக்ஸ். ஓட்டியிருக்கிறேன் என்றாலும், எனக்கு இயந்திர அறிவு குறைவு. இதை முதலீடாகக் கருதலாமா, வாங்குவதானால் எவற்றைப் பார்க்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: கணக்குப்பிள்ளை

நண்பரே, முதலில் எண்களைப் பார்ப்போம். பத்து ஆண்டுகளில் இரட்டிப்பு என்பது கேட்பதற்குப் பெரிதாகத் தெரிந்தாலும், கூட்டு வட்டிக் கணக்கில் அது ஆண்டுக்கு 7.2 விழுக்காடுதான். ஆக, உங்களிடம் விற்க வருபவரே தரும் மிக நம்பிக்கையான வாக்குறுதிகூட, நல்ல காலத்தில் வங்கியோ அஞ்சலகமோ தரும் வட்டியை ஒட்டித்தான் நிற்கிறது.

பின்னோக்கியும் கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்பதுகளின் நடுப்பகுதியில் இந்த இரண்டு வண்டிகளும் இருபதாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் விற்றன. அந்த இருபதாயிரத்தை ஒருவர் வண்டிக்குக் கொடுக்காமல் ஆண்டுக்கு 9 விழுக்காடு கூட்டு வட்டியில் நாற்பது ஆண்டுகள் விட்டிருந்தால் இன்று சுமார் 6.28 லட்சம் கையில் இருக்கும். உங்கள் நண்பர் ஆர்.டி.க்குக் கேட்கும் தொகை ஏறத்தாழ அதுவேதான். ஆர்.எக்ஸ். கதை இன்னும் மெலிந்தது. இருபதாயிரம் நாற்பது ஆண்டுகளில் 1,40,000 ஆவதற்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு போதும். இதிலும் பிஸ்டன், டயர், காப்பீடு, வண்ணப்பூச்சு ஆகியவற்றுக்கு ஆன செலவை நான் கழிக்கவில்லை. வண்டி ஓடித் தந்த பயனையும் சேர்க்கவில்லை என்பது நியாயமான மறுப்புதான். ஆனால் முதலீட்டுக்காக வாங்கி நிறுத்தி வைக்கப்போகும் உங்களுக்கு அந்தப் பயன் கிடைக்கப்போவதில்லை.

உண்மையில் லாபம் பார்த்தவர்கள் வேறு. எவரும் சீந்தாத காலத்தில், பழைய இரும்புக்குப் போகவிருந்த வண்டியைச் சில ஆயிரங்களுக்கு எடுத்து வைத்தவர்கள் அவர்கள். விலை ஏறிவிட்டது என்று எல்லாரும் பேசத் தொடங்கிய பிறகு உள்ளே நுழைபவருக்கு அந்தப் படிக்கட்டு கிடையாது.

நிறுத்தி வைப்பதும் இலவசம் அன்று. இப்போது விற்பனையாகும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் வண்டியில் இது இரும்பு டேங்கின் உட்புறத்தைத் துருப்பிடிக்கச் செய்வதோடு, எண்பதுகளில் வேறு எரிபொருளுக்காகச் செய்யப்பட்ட ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் சீல்களையும் கெடுக்கக்கூடும். டேங்கை வடித்துக் காயவைத்து வைக்க வேண்டும், அல்லது அவ்வப்போது ஓட்ட வேண்டும். காப்பீட்டையும் எண்ணிப் பாருங்கள். ஐந்து ஆண்டுகளைக் கடந்த வண்டிக்கும், உற்பத்தி நின்றுபோன மாடலுக்கும் காப்பீட்டு மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும். நாற்பது ஆண்டு வண்டிக்கு ஆறு லட்சம் மதிப்பை ஏற்கும் நிறுவனத்தை முன்கூட்டியே தேடிப் பேசி, எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால், வண்டி திருடுபோகும் நாளில் உங்கள் முதலீடு முழுவதும் போய்விடும்.

வருமான வரியைப் பற்றிப் பலர் பேசுவதே இல்லை. சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருக்கும் அசையும் பொருளை விற்று வரும் ஆதாயத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது என்ற நம்பிக்கையில் பழைய வண்டி வணிகம் நடக்கிறது. 1931ஆம் ஆண்டு ஃபோர்டு காரை 1983இல் 20,000 ரூபாய்க்கு வாங்கிப் பின்னர் 21 லட்சத்துக்கு விற்ற ஒருவரின் வழக்கில், மும்பை உயர் நீதிமன்றம் 2025இல் அளித்த தீர்ப்பைப் படித்துப் பாருங்கள். சொந்தப் பயன்பாட்டுக்கு உகந்த பொருள் என்பது மட்டும் போதாது, உண்மையிலேயே அப்படிப் பயன்படுத்தப்பட்டது என்று காட்ட வேண்டும் என்று கூறி, வரி விதித்தது சரியே என்றது நீதிமன்றம். 'முதலீட்டுக்காக வாங்கி நிறுத்தி வைத்தேன்' என்று சொல்பவர் அந்த விலக்கைத் தம் வாயாலேயே இழக்கிறார்.

மறுமொழி: இரண்டு சிலிண்டர்

கணக்கைப் பற்றி மேலே எழுதியவரோடு எனக்குப் பிணக்கு இல்லை. நான் வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு வரிகளிலேயே எனக்கு உறுத்தல் இருக்கிறது.

ஆர்.டி. 350 வண்டியை யமஹாவின் உரிமத்தோடு எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983இல் இங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது. 347 சி.சி., இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். முதலில் வந்தவை 30.5 குதிரைத்திறன் கொண்ட ஹை டார்க் வண்டிகள். பெட்ரோலை மிகுதியாகக் குடிக்கிறது என்ற குறை எழவே, சிலிண்டரில் உள்ள துளைகளையும் சைலன்சரையும் மாற்றி, திறனைச் சுமார் 27ஆகக் குறைத்து, 1985ஐ ஒட்டி லோ டார்க் வகையைக் கொண்டுவந்தார்கள். ஆகவே 1987ஆம் ஆண்டுப் பதிவுள்ள வண்டியை ஹை டார்க் என்று ஒருவர் சொன்னால், வேறொரு வண்டியின் இன்ஜின் இதில் ஏறியிருக்கலாம். சிலிண்டர்கள் மட்டும் மாறியிருக்கலாம். விற்பனையாகாமல் தங்கிய பழைய வண்டி தாமதமாகப் பதிவாகியிருக்கலாம். அல்லது விலைக்காகச் சொல்லப்படும் பெயராக இருக்கலாம். மூன்றாவதை மெய்ப்பிக்கும் பொறுப்பு விற்பவருடையது. உற்பத்தி மாதமும் ஆண்டும் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

டிஸ்க் பிரேக் பொருத்தியதை அவர் சிறப்பாகச் சொல்கிறார். ஓட்டுபவருக்கு அது சிறப்புதான், ஐயமில்லை. ஜப்பானில் விற்ற ஆர்.டி.க்கு முன்பக்கம் டிஸ்க் இருந்தது. இங்கே விலையைக் குறைக்க டிரம் பிரேக் வைத்தார்கள், முப்பது குதிரைத்திறன் வண்டிக்கு அது போதவில்லை என்று அன்றைக்கே எல்லாரும் குறைப்பட்டார்கள். ஆனால் சேகரிப்பாளரின் கண்ணில், தொழிற்சாலையிலிருந்து வந்த டிரம்மும் ஹப்பும் இல்லாத வண்டி குறையுள்ள வண்டி. கழற்றிய டிரம், பழைய சைலன்சர்கள், மீட்டர்கள் ஆகியவற்றை அவர் பத்திரமாக வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இருந்தால் அவற்றையும் சேர்த்தே விலை பேசுங்கள். இல்லையென்றால் அவற்றைத் தேடுவதுதான் இந்த வண்டியின் உண்மையான செலவு. புதுப்பேட்டையில் எதுவும் கிடைக்கும் என்பார்கள். கிடைப்பவற்றில் பெரும்பகுதி நகல் பாகம், அசல் பாகத்துக்கு இன்று சொன்னதுதான் விலை.

வண்ணப்பூச்சைப் பார்த்து மயங்க வேண்டாம். புதுப் பூச்சின் அடியில் பள்ளங்களை மறைக்க எவ்வளவு பட்டி பூசியிருக்கிறது என்பது காந்தம் வைத்துப் பார்த்தால் ஓரளவு தெரியும். இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் குத்தப்பட்ட இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரியில் இருக்க வேண்டும். அவற்றைச் சுற்றியுள்ள உலோகம் அரம் போட்டுத் தேய்த்ததுபோல் வழவழப்பாக இருக்கக் கூடாது. இரண்டு எண்களும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகவில்லை என்றால் விலையைக் குறைத்துப் பேசிப் பயனில்லை, எழுந்து வந்துவிடுங்கள். இன்ஜினை மாற்றியிருந்தால் பதிவு அலுவலகத்தின் ஒப்புதலோடு ஆர்.சி.யில் அது ஏறியிருக்க வேண்டும்.

ஆர்.எக்ஸ். 100 வண்டியில் ஏமாற்று வேலை இன்னும் எளிது. உண்மையான ஆர்.எக்ஸ். 100, 98 சி.சி., 11 குதிரைத்திறன், நான்கு கியர்; 1985 முதல் 1996 வரை வந்தது. அதற்குப் பின் வந்த ஆர்.எக்ஸ்.ஜி., ஆர்.எக்ஸ். 135 வண்டிகளின் பாகங்கள் பல இதில் அப்படியே பொருந்தும் என்பதால், பிந்தைய வண்டியின் மேல் பழைய டேங்க்கையும் பக்கவாட்டு மூடிகளையும் மாட்டி, 'ஆர்.எக்ஸ். 100' என்ற ஒட்டுத்தாளோடு விற்கிறார்கள். ஓட்டிப் பார்க்கும்போது ஐந்தாவது கியர் விழுந்தால் மேலே எதையும் கேட்கத் தேவையில்லை. முதலில் வந்த சில ஆயிரம் வண்டிகள் ஜப்பானிலிருந்து பாகங்களாக வந்து இங்கே கோக்கப்பட்டவை. 1986 வண்டி என்றால் அந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்ற பேச்சும் கட்டாயம் வரும். அதற்கெனக் கூடுதலாக ஒரு ரூபாய் கேட்டாலும் சான்று கேளுங்கள்.

கொங்குநாட்டான்

இவ்வளவு விரிவாக எழுதிய இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை மீண்டும் போய்ப் பார்த்தேன். ஆர்.டி.யின் உற்பத்தி ஆண்டும் 1987 என்றே ஆர்.சி.யில் இருக்கிறது. இன்ஜின் எண் ஒத்துப்போகிறது. கழற்றிய டிரம் பிரேக் எங்கோ இருக்கிறது, தேடித் தருகிறேன் என்கிறார். பதிவுப் புதுப்பிப்பு 2017க்குப் பிறகு செய்யப்படவில்லை. ஆர்.எக்ஸ். நான்கு கியர்தான், தமிழ்நாட்டுப் பதிவு, காகிதங்கள் நடப்பில் உள்ளன. வெளிநாடுகளில் பழைய மோட்டார் சைக்கிள்கள் கோடிக்கணக்கில் ஏலம் போவதாகப் படிக்கிறோமே, அந்த நிலை இங்கும் வராதா?

மறுமொழி: லண்டன் மாநகரத்தான்

அந்த ஏலங்களைச் சற்று நெருங்கிப் பார்த்தால் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும். 2018 சனவரியில் லாஸ் வேகஸில் போனாம்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் 1951ஆம் ஆண்டு வின்சென்ட் பிளாக் லைட்னிங் ஒன்று 9,29,000 டாலருக்குப் போனது. பிளாக் லைட்னிங் வண்டிகள் உலகில் செய்யப்பட்டதே முப்பதைச் சுற்றித்தான். அதிலும் இது, ஆஸ்திரேலியாவின் ஜாக் எரெட் 1953இல் அந்நாட்டு வேகச் சாதனை படைத்த அதே வண்டி, புதுப்பிக்கப்படாமல் அக்காலத் தழும்புகளோடு இருந்தது. 2023இல் 1908ஆம் ஆண்டு ஹார்லி டேவிட்சன் 'ஸ்ட்ராப் டேங்க்' ஒன்று 9,35,000 டாலருக்கு விற்றது. அதுவும் எண்ணி எடுக்கக்கூடிய அளவிலேயே எஞ்சியிருக்கும் மாடல்.

எனக்கு இவற்றைவிடச் சுவையானது 2016இல் இங்கிலாந்தில் நடந்தது. கார்ன்வாலில் பாட்மின் மூர் பகுதியில் கொட்டகைகளில் பல பத்தாண்டுகளாகக் கிடந்த எட்டு பிரஃப் சுப்பீரியர் வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. அவற்றில் பி.எஸ்.4 என்ற, மொத்தம் பத்தே செய்யப்பட்ட, ஆஸ்டின் கார் இன்ஜின் கொண்ட வண்டி, துருவும் உதிரியுமாக இருந்த நிலையிலேயே 3,31,900 பவுண்டுக்குப் போனது. யாரும் அதற்கு வண்ணம் பூசவில்லை, குரோம் போடவில்லை.

ஹோண்டா சி.பி. 750ஐயும் பாருங்கள். இலட்சக்கணக்கில் விற்ற வண்டி அது. அதில் முதலில் வந்த 7,414 வண்டிகளின் இன்ஜின் உறை மட்டும் வேறு முறையில் வார்க்கப்பட்டது என்பதால், அவற்றுக்கு மட்டும் தனி விலை. உற்பத்திக்கு முன் செய்த மாதிரி வண்டிகளுள் ஒன்று 2018இல் பிரிட்டனில் 1,61,000 பவுண்டுக்கு விற்றது. அதே மாடலின் பிந்தைய ஆண்டு வண்டிகள் இந்த உயரத்தின் பக்கத்தில்கூட வருவதில்லை. பெரும் எண்ணிக்கையில் ஓடிய வண்டியின் விலை ஏறும், ஆனால் அதற்கு ஒரு கூரை உண்டு. ஆர்.எக்ஸ். 100 இந்த வகை. ஆர்.டி. 350 இந்தியாவில் விற்காமல் தோற்ற வண்டி. 1984, 1985இல் இன்ட்-சுசுகியும் ஹீரோ ஹோண்டாவும் சிக்கனமான 100 சி.சி. வண்டிகளைக் கொண்டுவந்தபோது அது அடிபட்டுப் போனது. அந்தத் தோல்விதான் இன்று அதை அரிதாக்கியிருக்கிறது. ஆனால் உலகச் சந்தைக்கு அது அரிதன்று, ஏனெனில் கூடுதல் திறனும் டிஸ்க்கும் கொண்ட ஜப்பானிய ஆர்.டி. 350 வெளியே ஏராளம். ஆகவே இந்திய ஆர்.டி.யை இந்தியர் மட்டுமே வாங்குவர்.

இன்னொன்று. பழைய மோட்டார் சைக்கிளை வாங்குபவர் பெரும்பாலும் தம் பதினெட்டு வயதில் ஆசைப்பட்டு அடைய முடியாததை ஐம்பது வயதில், பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, வாங்குகிறார். இங்கே பிரிட்டனில் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய சாதாரண பிரிட்டிஷ் வண்டிகளுக்கு ஆள் குறைந்து, எழுபதுகளின், எண்பதுகளின் ஜப்பானிய வண்டிகளுக்கு ஆள் கூடியதை நானே பார்த்து வருகிறேன். எண்பதுகளில் ஆர்.டி.யைக் கண்டு ஏங்கியவர்களுக்கு இன்று ஐம்பத்தைந்து, அறுபது. நீங்கள் விற்க நினைக்கும் காலத்தில் அவர்களும் விற்பவர்களாக இருப்பார்கள்.

மறுமொழி: மூன்றாம் கியர்

கடைசிக் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. இன்று ஆர்.எக்ஸ். 100ஐ மிகுந்த விலை கொடுத்து வாங்குபவர்களில் பலர், 1996இல் அந்த வண்டி நின்றபோது பிறந்தேயிராத இளைஞர்கள். நூறு கிலோவை ஒட்டிய எடையில் பதினொரு குதிரைத்திறன் இழுக்கும் இழுப்பும் அந்தச் சைலன்சர் ஓசையும் புகை விதிகளுக்கு அடங்கிய இன்றைய வண்டிகளில் இல்லை, இனி வரவும் முடியாது. யெஸ்டி வண்டிகளைச் செய்த மைசூர் ஐடியல் ஜாவா நிறுவனம் 1996இல் மூடப்பட்டது. ஆனால் யெஸ்டி ரோடுகிங்கைத் தேடி இன்றும் இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் வருகிறார்கள். தேவை வற்றும் என்று நான் நினைக்கவில்லை. என் அச்சம் அரசு விதிகளைப் பற்றியது. தில்லி வட்டாரத்தில் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் மீதான தடையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்தபோது, அங்கே காதலோடு காத்த வண்டிகளின் மதிப்பு என்னவாயிற்று என்பதை எல்லாரும் பார்த்தோம். இருபது ஆண்டு கடந்த இருசக்கர வண்டிக்குப் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 2025இல் 2,000 ரூபாயாக உயர்ந்தது. தொகை பெரிதன்று, அது காட்டும் திசைதான் கவலை தருகிறது.

பழம்பெரும் வண்டி என்ற தகுதி காப்பாற்றும் என்பார்கள். 2021இல் வந்த விதிப்படி அதற்கு முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்திருக்க வேண்டும். உங்கள் ஆர்.டி.க்கு அது 2037இல்தான். 'வி.ஏ.' எழுத்துகள் கொண்ட அந்தப் பதிவெண்ணை வாங்கிய பிறகு அணிவகுப்பு, கண்காட்சி, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம், அன்றாடம் ஓட்ட முடியாது.

மறுமொழி: இரண்டு சிலிண்டர்

உற்பத்தியே 1987 என்றால் அது ஹை டார்க் வண்டியாக வெளிவந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இன்ஜின் எண் ஒத்துப்போவதால் அது நேர்மையான லோ டார்க் வண்டி, பின்னர் சிலிண்டர்கள் மட்டும் மாறியிருக்கலாம். லோ டார்க் விலையில் பேசுங்கள்.

காகித வேலையை அவரே முடித்துத் தரட்டும். 2017இல் காலாவதியான பதிவைக் கர்நாடக அலுவலகத்தில் படிவம் 25 கொடுத்துப் புதுப்பித்து, தண்டத்தைக் கட்டி, தடையின்மைச் சான்று பெற்று, அதன் பிறகு இங்கே மறுபதிவு, ஆயுள் வரி, பசுமை வரி என்று வரிசையாக இருக்கிறது. வண்டியை நேரில் காட்டாமல் ஆய்வு முடியாது. 'முன்பணம் கொடுங்கள், ஆர்.சி. பிறகு வரும்' என்ற ஏற்பாட்டுக்கு இணங்காதீர்கள், ஆர்.சி.யில் உள்ள உரிமையாளர் உயிரோடு, கையெழுத்திடக்கூடிய நிலையில் இருக்கிறாரா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். இடையில் இரண்டு மூன்று கை மாறியும் பெயர் மாறாத ஆர்.டி.க்கள் நிறைய உண்டு.

நானாக இருந்தால் வைப்புத்தொகையில் பெரும்பகுதியை வங்கியிலேயே விட்டுவிட்டு, காகிதங்கள் நடப்பில் உள்ள அந்த ஆர்.எக்ஸ்.ஸை மட்டும் 1,10,000க்குக் கேட்டுப் பார்ப்பேன். கிடைத்தால் ஞாயிறுதோறும் ஓட்டுங்கள், மேலே கணக்குப்பிள்ளை சொன்ன வரி விலக்குக்கும் அது ஒரு சான்றாக இருக்கும். ஆர்.டி.யின் டிரம் பிரேக் கிடைத்து, பதிவும் புதுப்பிக்கப்பட்டால் இங்கே மறுபடியும் எழுதுங்கள், எண் குத்தப்பட்ட இடத்தின் படங்களைப் பார்த்துச் சொல்கிறேன்.